வாலில்லாத 41,000 ஃபைல்: எது என்னவென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தம்பி, நீ கேட்டதை முதலில் மற்றவர்களுக்காகச் சுருக்கிவிடுகிறேன். பாம்பனில் ஒரு படகு உரிமையாளர் சங்கம். அவர்களுடைய பழைய இணையதளத்தை மூடிவிட்டார்கள். உறுப்பினர்கள் வருடக்கணக்காக ஏற்றிய ஆவணம், படம், குரல் பதிவு எல்லாம் ஒரே ஃபோல்டரில் 41,000 ஃபைலாக உன் கைக்கு வந்திருக்கிறது. ஒவ்வொன்றின் பெயரும் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த 40 எழுத்து. பின்னால் டாட் ஜேபெக், டாட் பிடிஎஃப் என்று எந்த வாலும் கிடையாது. எது யாருடையது என்று சொல்ல வேண்டிய டேட்டாபேஸும் போய்விட்டது. பைத்தானின் மைம்டைப்ஸ் மாட்யூலை ஓட்டியிருக்கிறாய், 41,000-க்கும் 'நன்', அதாவது 'ஒன்றுமில்லை' என்றே வந்திருக்கிறது. "அண்ணே, வேற வழி இருக்கா, இல்ல ஒவ்வொண்ணா திறந்துதான் பாக்கணுமா?"

திறந்துதான் பார்க்க வேண்டும். நீ உட்கார்ந்து திறக்க வேண்டாம், புரோகிராம் திறக்கட்டும்.

மைம்டைப்ஸ் மேல் கோபப்படாதே. அது ஃபைலை எட்டிக்கூடப் பார்க்காது. பெயரின் வாலை ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுச் சொல்வது மட்டுமே அதன் வேலை. வால் இல்லையென்றால் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. பாம்பன் கரையில் ஐஸ் பெட்டி மேல் எழுதியிருப்பதைப் பார்த்து எந்த வியாபாரியும் விலை சொல்லமாட்டார், மூடியைத் திறந்து செவுளைத் தூக்கிப் பார்ப்பார். நாமும் அதைத்தான் செய்யப்போகிறோம்.

அதற்கு முன்னால் ஒன்று. 40 எழுத்துப் பெயர் குப்பை என்று எழுதியிருந்தாய். குப்பை இல்லை, உனக்குக் கிடைத்த பெரிய உதவியே அதுதான். எதைக் கொடுத்தாலும் அதற்குக் கைரேகைபோல ஒரு எண் தரும் ஷா-1 என்ற கணக்கின் விடை 160 பிட். அதை ஹெக்ஸில், அதாவது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் எழுதினால் சரியாக 40 எழுத்து வரும். இணையவழிப் பாடம் நடத்தும் மூடுல் போன்ற மென்பொருள்கள் ஏற்றப்படும் ஃபைலின் உள்ளடக்கத்துக்கு ஷா-1 போட்டு, அந்த விடையையே பெயராக வைத்துச் சேமிக்கும். உன் சங்கத்து இணையதளமும் அப்படிச் செய்திருந்தால், இப்போது நீ ஒவ்வொரு ஃபைலுக்கும் மறுபடி ஷா-1 போட்டுப் பெயரோடு ஒத்துப் பார்க்கலாம். பைத்தானின் ஹாஷ்லிப்பில் நாலு வரி. ஒத்துப்போனால் அந்த ஃபைல் ஏற்றிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, ஒரு பைட் கெடவில்லை. பெரும்பாலானவை ஒத்து, சில ஒத்துவராவிட்டால் அந்தச் சில கெட்டுப்போனவை. உப்புக்காற்றில் வருடக்கணக்காகக் கிடந்த ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்தது என்கிறாய், அதனால் கொஞ்சம் கெட்டிருக்கும் என்றே எதிர்பார். ஒன்றுகூட ஒத்துவராவிட்டால் மட்டும் பயப்படாதே. ஐபோன் பேக்கப்பில் வருவதுபோல, உள்ளடக்கத்துக்குப் பதிலாக ஃபைல் இருந்த பாதைக்கு ஷா-1 போட்டிருக்கலாம்.

இதை ஏன் முதலில் செய்யச் சொல்கிறேன் என்றால், பிறகு ஏதாவது ஒரு ஃபைலின் வகை தெரியாமல் நிற்கும்போது, 'கெட்டுப்போனதால் தெரியவில்லையா, எனக்குப் பழக்கமில்லாத வகையா' என்ற குழப்பம் இருக்காது. நான் இது தெரியாமல் ஒரு தடவை மூன்று நாள் வீணடித்திருக்கிறேன்.

அதே காரணத்துக்காக, அந்த ஃபோல்டரில் எந்தப் பெயரையும் மாற்றாதே. வேறொரு ஃபோல்டரில் நகல் போட்டு, அங்கே வால் ஒட்டு. பழைய பெயர், அளவு, கண்டுபிடித்த வகை, எதை வைத்துக் கண்டுபிடித்தாய் என்று ஒரு சிஎஸ்வி பட்டியல் தனியாக இருக்கட்டும். பட்டியலின் கடைசி நெடுவரிசை தேவையில்லாததுபோல் தோன்றும். இரண்டு மாதம் கழித்து ஒரு தவறு கண்ணில் படும்போது, அதே வழியில் முடிவு செய்த மற்ற 600 ஃபைலையும் அந்த நெடுவரிசையை வைத்துத்தான் பிடிப்பாய்.

இனி உள்ளே பார்ப்பது. பெரும்பாலான ஃபைல் வகைகளுக்கு ஆரம்பத்திலேயே ஒரு முத்திரை உண்டு. மந்திர எண் என்பார்கள். ஹெக்ஸில் எழுதுவதுதான் வழக்கம். பைத்தானில் பைட்டை ஒவ்வொன்றாக எடுத்தால் பதின்ம எண்ணாகவே வருவதால் நான் இங்கே பதின்ம எண்ணில் தருகிறேன். ஜேபெக் என்றால் 255, 216, 255. ஜிஃப் என்றால் 71, 73, 70, 56. பிடிஎஃப் என்றால் 37, 80, 68, 70, 45, அதாவது ஒரு சதவீதக் குறி, பிடிஎஃப் என்ற மூன்று எழுத்து, ஒரு சிறுகோடு. ஜிஜிப் 31, 139. ஃபோட்டோஷாப் 56, 66, 80, 83. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பிஎன்ஜியின் முத்திரையை மட்டும் ஒரு தடவை நின்று பார். 137, 80, 78, 71, 13, 10, 26, 10. மொத்தம் எட்டு பைட். நடுவில் 80, 78, 71 என்பது பிஎன்ஜி என்ற எழுத்துகள். முதலில் வரும் 137-இல் எட்டாவது பிட் ஏற்றப்பட்டிருக்கிறது. ஏழு பிட் மட்டும் கடத்துகிற பழைய இணைப்பு வழியாக ஃபைல் வந்திருந்தால் அந்தப் பிட் உதிர்ந்து 9 ஆகியிருக்கும், உடனே தெரிந்துவிடும். 13, 10 என்பது விண்டோஸ் பாணி வரி முடிவு. யாராவது எஃப்டிபியில் டெக்ஸ்ட் என்று நினைத்து அனுப்பியிருந்தால் அது வெறும் 10 ஆகியிருக்கும். கடைசி 10 அதற்கு நேர்மாறான கோளாறைப் பிடிக்கும். 26 என்பது பழைய டாஸில் 'இத்தோடு முடிந்தது' என்ற குறி. தெரியாமல் திரையில் ஓடவிட்டால் குப்பை கொட்டாமல் அங்கேயே நின்றுவிடும். ஃபைல் வகையைச் சொல்ல வந்த முத்திரை, வழியில் என்ன அடிபட்டது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. எல்லா வகைகளையும் இவ்வளவு அக்கறையோடு வடிவமைத்திருந்தால் உனக்கும் எனக்கும் வேலையே இருந்திருக்காது.

பிஎம்பி அதற்கு மறுகோடி. 66, 77 என்று இரண்டே பைட். ஆங்கிலத்தில் பி, எம் என்று தொடங்குகிற எந்த டெக்ஸ்டும் பிஎம்பி ஆகிவிடும். தற்செயலாக இரண்டு பைட் பொருந்த வாய்ப்பு 65,536-இல் ஒன்று. 41,000 ஃபைல் வைத்திருப்பவனுக்கு இது சின்ன எண் இல்லை. அதனால் சிறிய முத்திரை கண்டால் இரண்டாவது சாட்சி கேட்க வேண்டும். பிஎம்பியில் முத்திரைக்கு அடுத்த நாலு பைட்டில் ஃபைலின் மொத்த அளவு எழுதியிருக்கும். அதை உண்மையான அளவோடு ஒப்பிடு.

இரண்டாவது சாட்சிக்கு இன்னொரு நல்ல உதாரணம் உன் குவியலிலேயே இருக்க வாய்ப்புண்டு. பழைய சங்கங்களின் கணக்கு ஃபாக்ஸ்புரோவில் இருந்திருக்கும், அதன் டிபிஎஃப் ஃபைலை யாராவது ஏற்றி வைத்திருப்பார்கள். டிபிஎஃப் முத்திரை ஒரே ஒரு பைட், பெரும்பாலும் 3. ஒரு பைட்டை நம்பி என்ன செய்வது? ஆனால் அடுத்த மூன்று பைட் கடைசியாகத் திருத்திய வருடம், மாதம், தேதி. மாதம் 1-லிருந்து 12-க்குள் இருக்கிறதா பார். அதற்கடுத்த நாலு பைட் மொத்தம் எத்தனை பதிவு என்று சொல்லும், பிறகு தலைப்பகுதியின் நீளம் இரண்டு பைட், ஒரு பதிவின் நீளம் இரண்டு பைட். பதிவு எண்ணிக்கையைப் பதிவு நீளத்தால் பெருக்கி, தலைப்பகுதி நீளத்தைக் கூட்டு. ஃபைலின் அளவோடு ஒரு பைட் முன்பின்னாக ஒத்துப்போனால் அது டிபிஎஃப்தான், சத்தியம் செய்யலாம். கூட்டல் பெருக்கல் பொருந்துவது முத்திரையைவிடப் பலமான சாட்சி.

எல்லா முத்திரையும் முதல் பைட்டில் இருக்கும் என்றும் நினைக்காதே. இடத்தை எப்போதும் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணு. பல ஃபைலை ஒன்றாகக் கட்டும் டார் ஃபைலுக்கு 257-ஆவது இடத்தில், சிடியிலிருந்து எடுத்த ஐஎஸ்ஓவுக்கு 32,769-ஆவது இடத்தில். பிடிஎஃப்பும் சில சமயம் வழுக்கும். இணையதளத்தின் புரோகிராம் பிடிஎஃப் தயாரிக்கும்போது முன்னால் ஒரு வெற்று வரியோ எச்சரிக்கைச் செய்தியோ சேர்த்துத் துப்பியிருக்கும். அக்ரோபாட் முதல் 1024 பைட்டுக்குள் எங்கே முத்திரை இருந்தாலும் பெருந்தன்மையாகத் திறந்துவிடும் என்பதால் யாரும் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

இதையெல்லாம் நீயே எழுத வேண்டுமா? வேண்டாம். யூனிக்ஸில் 1973-லிருந்தே 'ஃபைல்' என்ற பெயரிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. இன்று லினக்ஸில் இருப்பது 1980களில் இயன் டார்வின் புதிதாக எழுதி, பிறகு கிறிஸ்டோஸ் ஸூலாஸ் பராமரித்து வருவது. அதன் உள்ளே இருக்கும் நூலகம் லிப்மேஜிக். பைத்தானிலிருந்து அதை அழைக்க பைத்தான்-மேஜிக் இருக்கிறது. லினக்ஸ் என்றால் அதையே எடுத்துக்கொள். விண்டோஸில் லிப்மேஜிக்கை நிறுவுவது தலைவலி. அங்கே ஃபைல்டைப் அல்லது பியூர்மேஜிக் போதும், இரண்டும் சுத்த பைத்தான். இணையத்தில் கிடைக்கும் பழைய பதில்களில், பட வகையைச் சொல்லும் ஐஎம்ஜிஹெச்டிஆர் மாட்யூலைப் பயன்படுத்தச் சொல்லியிருப்பார்கள். பைத்தான் 3.13-இல் அதை எடுத்தேவிட்டார்கள், தேடாதே.

இரண்டு நடைமுறை விஷயம். ஃபைலின் துண்டை லிப்மேஜிக்கிடம் கொடுப்பதானால் குறைந்தது 2048 பைட் கொடு. முதல் 16 பைட்டைக் கொடுத்துவிட்டு 'தப்பா சொல்லுது' என்பவர்கள் நிறையப் பேர். முடிந்தால் முழு ஃபைலின் பாதையையே கொடுத்துவிடு. அடுத்து, ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாக 'ஃபைல்' கட்டளையைக் கூப்பிட்டால் 41,000 தடவை ஒரு புரோகிராம் பிறந்து சாகும். பெயர்ப் பட்டியலை ஒரே தடவையில் ஊட்ட அதில் வசதி இருக்கிறது. தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

இதோடு பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். ஸ்கேன் செய்த ஆர்சி, இன்சூரன்ஸ், ஆதார் நகல், படகுப் புகைப்படம் எல்லாம் ஜேபெக், பிடிஎஃப் என்று தனியாகப் பிரிந்துவிடும். சிக்கல் மீதியில்தான்.

முதல் சிக்கல் ஜிப். 80, 75, 3, 4 என்று தொடங்கும். 80, 75 என்பது பி, கே. ஜிப்பை உருவாக்கிய ஃபில் கேட்ஸின் பெயர் எழுத்துகள். ஆனால் ஜிப் என்பது ஒரு பை. வேர்டின் டாக்எக்ஸ், எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், லிப்ரே ஆபீஸ் ஃபைல், இபப், ஆண்ட்ராய்டு ஏபிகே, ஜாவாவின் ஜார், புதிய கோரல்டிரா ஃபைல் எல்லாமே அந்தப் பையில்தான் வருகின்றன. லிப்மேஜிக் பெரும்பாலும் சரியாகப் பிரிக்கும். பைக்குள் ஃபைல்கள் வழக்கமான வரிசையில் இல்லாவிட்டால் வெறும் ஜிப் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். எக்செல் அல்லாத வேறு மென்பொருள் தயாரித்த எக்ஸ்எல்எஸ்எக்ஸில் இது அடிக்கடி நடக்கும்.

அதனால் ஜிப் என்று வந்ததை எல்லாம் பைத்தானின் ஜிப்ஃபைல் மாட்யூலில் திறந்து, உள்ளே இருக்கும் பெயர்களை மட்டும் பட்டியலிடு. விரித்தெடுக்க வேண்டாம். 'வேர்ட்' என்ற ஃபோல்டர் இருந்தால் டாக்எக்ஸ், 'எக்ஸ்எல்' இருந்தால் எக்செல், 'பிபிடி' இருந்தால் பவர்பாயின்ட். ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்ட் இருந்தால் ஏபிகே. லிப்ரே ஆபீஸும் இபப்பும் இன்னும் ஒழுங்கு. பைக்குள் முதல் ஃபைலாக 'மைம்டைப்' என்ற பெயரில் ஒன்றை அழுத்தாமல் வைத்து, அதிலேயே தன் வகையை எழுதியிருக்கும். 38-ஆவது பைட்டிலிருந்து நேராகப் படித்துக்கொள்ளலாம்.

பழைய வேர்ட், பழைய எக்செல் எல்லாம் இன்னொரு பை. 208, 207, 17, 224, 161, 177, 26, 225 என்று தொடங்கும். விண்டோஸ் சின்ன முன்னோட்டப் படங்களைச் சேர்த்து வைக்கும் தம்ப்ஸ் ஃபைலும் இதே முத்திரைதான். உள்ளே 'வேர்ட்டாக்குமென்ட்' என்ற ஓடை இருந்தால் டாக், 'வொர்க்புக்' இருந்தால் எக்ஸ்எல்எஸ். ஓஎல்இஃபைல் என்ற நூலகம் இதைப் படிக்கும்.

கைபேசியிலிருந்து வந்தவை மூன்றாவது வகைப் பை. நாலாவது இடத்திலிருந்து எஃப்டிஒய்பி என்ற நாலு எழுத்து, அதாவது 102, 116, 121, 112, அதற்கடுத்த நாலு எழுத்து பிராண்ட். அதில் ஐஎஸ்ஓஎம், எம்பி42 என்றால் எம்பி4 வீடியோ. கியூடி என்றால் ஆப்பிள் மூவ். 3ஜிபி என்றால் பழைய நோக்கியா காலத்து வீடியோ. எச்இஐசி என்றால் வீடியோவே இல்லை, ஐபோன் புகைப்படம். தலையை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் வீடியோ ஃபோல்டரில் தள்ளினால் பாதிப் படகுப் படம் காணாமல் போகும். ஆர்ஐஎஃப்எஃப் என்று தொடங்குவதற்கும் இதே கதை. எட்டாவது இடத்தைப் பார்த்தால்தான் வேவ் ஒலியா, ஏவிஐ வீடியோவா, வெப்பி படமா, பழைய கோரல்டிராவா என்று தெரியும். வாட்ஸ்அப் குரல் பதிவுகள் ஓஜிஜிஎஸ் என்று தொடங்கி, 28-ஆவது இடத்தில் ஓபஸ்ஹெட் என்று வரும். கடலிலிருந்து திரும்பியதும் 'இன்னிக்கு சங்காயம்தான், நண்டு இல்ல' என்று சங்கத்துக்கு அனுப்பிய பதிவெல்லாம் அதில்தான் இருக்கும்.

டிஃப் என்ற பையில்தான் நான் விழுந்தேன். கீழக்கரையில் ஒரு ஸ்டுடியோவின் டிஸ்க் பழுதாகி, பெயரில்லாத ஃபைல்களாக மீட்டெடுத்துக் கொடுத்தேன். 73, 73, 42, 0 அல்லது 77, 77, 0, 42 என்று தொடங்கினால் டிஃப். அப்படி வந்ததற்கெல்லாம் டிஃப் என்று வால் ஒட்டிவிட்டேன். திறந்தும் பார்த்தேன், மணமகளும் மாப்பிள்ளையும் தெளிவாகச் சிரித்தார்கள். ஆல்பம் அச்சுக்குப் போன பிறகு போன் வந்தது, படம் எல்லாம் தபால்தலை அளவு என்று. நிக்கான் கேமராவின் மூல ஃபைலான என்இஎஃப் உள்ளுக்குள் டிஃப் அமைப்புதான். டிஃப் என்று பெயரிட்டால் பல மென்பொருள்கள் அதன் முதல் பக்கத்தில் இருக்கும் 160-க்கு 120 புள்ளி முன்னோட்டத்தை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும். அசல் படம் உள்ளே பத்திரமாக இருந்தது, வாலைத்தான் நான் தப்பாக ஒட்டினேன். அன்றிலிருந்து டிஃப் என்று எது வந்தாலும், படத்துக்குள் இருக்கும் விவரங்களைப் படிக்கும் எக்சிஃப்டூலிடம் ஒரு தடவை காட்டாமல் விடுவதில்லை. கேமராவின் பெயர் வரை சொல்லிவிடும்.

அடுத்தது டெக்ஸ்ட். இங்கே முத்திரை என்ற பேச்சே இல்லை, எல்லாம் ஊகம்தான். தமிழ் எழுதுகிற நமக்கு ஊகம் இன்னும் ஒரு படி கஷ்டம்.

யூனிகோடு தமிழ் யூடிஎஃப்-8-இல் இருந்தால் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. 'அ' என்பது 224, 174, 133. ஒரு ஃபைலில் இந்த 224-174, 224-175 ஜோடிகள் குவிந்து கிடந்தால் அது தமிழ் டெக்ஸ்ட். இதைவிட நிச்சயமான சோதனை கிடையாது. ஆனால் இதில் ஒரு பள்ளம் உண்டு. வேகத்துக்காக முதல் 2048 பைட் மட்டும் படித்து, அது சரியான யூடிஎஃப்-8-ஆ என்று சோதிப்பாய். 2048-ஐ 3-ஆல் வகுத்தால் 2 மீதி. ஒரு தமிழ் எழுத்தை நடுவில் வெட்டிவிட்டு, 'பிழை, இது டெக்ஸ்ட் இல்லை' என்று உன் புரோகிராம் சொல்லும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவனுக்கு இந்தக் கோளாறு வாழ்நாளில் கண்ணில் படாது. கடைசி மூன்று பைட் வரை மன்னித்துவிடு, அல்லது பைத்தானில் படிப்படியாகப் பிரிக்கும் இன்கிரிமென்டல் டிகோடரைப் பயன்படுத்து.

எக்செலில் 'யூனிகோடு டெக்ஸ்ட்' என்று சேமித்தால் யூடிஎஃப்-16 வரும், 255, 254 என்று தொடங்கும். இதில் இரண்டு ஆபத்து. எம்பி3 ஒலியின் தொடக்கமும் 255-ஐ அடுத்து 224-க்கு மேற்பட்ட எண்தான். கவனமில்லாத நிரல் உறுப்பினர் பட்டியலை எம்பி3 என்று சொல்லிவிடும். அடுத்து, யூடிஎஃப்-16-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஒரு பைட் 11 ஆக இருக்கும். டெக்ஸ்டில் 11 வருவது அபூர்வம் என்பதால் 'கட்டுப்பாட்டுக் குறி நிறைய இருக்கிறது, ஆகவே பைனரி' என்று முடிவு கட்டும் நிரல்கள் உண்டு. தொடக்கக் குறி இல்லாமல் வந்த யூடிஎஃப்-16 ஃபைல் என்றால், ஒன்றுவிட்டு ஒன்று 11 வருகிறதா என்று எண்ணிப்பார்.

பழைய எழுத்துருக்களில் அடித்த டெக்ஸ்ட் ஃபைல்கள்தான் கொடுமை. தமிழக அரசு 1999-இல் டாம், டேப் என்று எழுத்துக் குறியாக்கத்துக்குத் தரம் வகுத்தது, 2010-இல் யூனிகோடுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் டிடிபி கடைகள் தங்கள் இஷ்டத்துக்குத்தான் அடித்தன. டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் இருந்தால் 128-க்கு மேற்பட்ட பைட்டுகள் நிறைய இருக்கும். லிப்மேஜிக் அதை ஏதோ ஐரோப்பிய டெக்ஸ்ட் என்று சொல்லும். பாமினி எழுத்துரு என்றால் எல்லாமே சாதாரண ஆங்கில எழுத்துகள், 'ஆஸ்கி டெக்ஸ்ட்' என்று சொல்லிவிட்டு அது போய்விடும். உலகத்தில் எந்தக் கருவியும் இதைத் தமிழ் என்று சொன்னதை நான் பார்த்ததில்லை. ஆனால் பாமினியில் புள்ளிக்கு அரைப்புள்ளிக் குறியை அடிப்பார்கள். புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுத முடியுமா? ஆக, சொல்லின் நடுவே, முன்னும் பின்னும் எழுத்து இருக்க, அரைப்புள்ளி அடிக்கடி வந்தால் பாமினி. சி, ஜாவா நிரலிலும் அரைப்புள்ளி வரும், ஆனால் அங்கே வரி முடிவில் வரும். நான் எழுதிய சோதனையே இவ்வளவுதான், இதுவரை ஏமாற்றவில்லை.

டெக்ஸ்டுக்குள் இன்னும் பிரிக்க வேண்டுமென்றால், படகு ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுத்த தடங்கள் ஜிபிஎக்ஸ் ஆக இருக்கலாம். அது எக்ஸ்எம்எல், முதல் குறியின் பெயரைப் படித்தால் தெரியும். டாலர் குறியும் ஜிபி என்ற எழுத்துகளும் ஒவ்வொரு வரியின் முதலில் வந்தால் ஜிபிஎஸ் கருவி நேராகக் கக்கிய என்எம்இஏ பதிவு. சிஎஸ்வி, ஜேசன், நிரல் மொழிகள் என்று நுணுக்கமாகப் போக வேண்டுமானால் கூகுள் 2024-இல் திறந்துவிட்ட மேஜிகாவை ஓட்டிப் பார். முத்திரைப் பட்டியலை நம்பாமல், பயிற்சி பெற்ற சிறிய நரம்பியல் மாதிரியை வைத்து ஊகிப்பது. டெக்ஸ்ட் வகைகளில் லிப்மேஜிக்கைவிடத் தேவலை என்பது என் அனுபவம்.

என்னுடைய வழக்கம், லிப்மேஜிக்கையும் மேஜிகாவையும் இரண்டையும் ஓட்டுவது. ஒத்துப்போனதை அப்படியே ஏற்றுக்கொள்வேன். முரண்படுவதை மட்டும் கண்ணால் பார்ப்பேன்.

வகை தெரிந்துவிட்டது என்றால் ஃபைல் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. ஷா-1 ஒத்துவராத ஃபைல்கள் இருந்தால் அவற்றை இங்கே பார். ஜேபெக்கின் முடிவில் 255, 217 வர வேண்டும். இல்லையென்றால் மேல்பாதி கடலும் கீழ்பாதி சாம்பல் நிறமுமாக ஒரு படம் வரும். பைத்தானின் பட நூலகமான பில்லோவில் திறந்தால் மட்டும் போதாது, அது தலையை மட்டும் படித்துவிட்டு நல்ல பிள்ளையாக அளவைச் சொல்லும். லோட் செய்யச் சொன்னால்தான் உண்மை வெளிவரும். முழுவதும் பூஜ்ஜியமாக இருக்கும் ஃபைல், பூஜ்ஜிய பைட் ஃபைல் இரண்டையும் முதலிலேயே தனியே ஒதுக்கு.

அதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. தொண்டியில் ஒருவருக்கு ஒரு தளத்திலிருந்து பிடிஎஃப்களை மொத்தமாக இறக்கிக் கொடுத்தார்கள். வால் எல்லாம் பிடிஎஃப். ஒன்றும் திறக்கவில்லை என்று என்னிடம் வந்தார். முதல் பைட் 60, அதாவது எச்டிஎம்எல்லின் கோணக் குறி. இறக்கும்போது லாகின் காலாவதியாகி, அன்றைக்கு இறங்கியது அத்தனையும் 'மீண்டும் உள்நுழையவும்' என்ற பக்கம். வால் இருந்தவருக்கே அந்த நிலை, உனக்கு வால் இல்லாதது ஒருவகையில் நல்லதுதான்.

வாலை ஒட்டும்போது மைம்டைப்ஸின் 'வாலை ஊகி' வசதியை நம்பாதே. பழைய பைத்தானில் ஜேபெக்குக்கு ஜேபிஇ என்று ஒரு விநோத வாலைக் கொடுக்கும். உனக்கு வரப்போவது இருபது முப்பது வகைதான், பட்டியலைக் கையால் எழுது.

இதே நிரலை நாளைக்கு யாராவது புதிய இணையதளத்தில் பாதுகாப்புச் சோதனையாக வைக்கச் சொன்னால் மட்டும் மறுத்துவிடு. ஜிஃப் முத்திரையை முன்னால் வைத்துப் பின்னால் பிஎச்பி நிரலை ஒளித்து அனுப்புவது பழைய வித்தை. நல்ல எண்ணத்தோடு ஏற்றிய ஃபைல்களை இனம் பிரிக்கத்தான் முத்திரை உதவும். கெட்ட எண்ணத்தோடு வருபவனைத் தடுக்க, படத்தைப் பிரித்து மறுபடி புதிதாக எழுதிச் சேமிப்பதுதான் சரி.

கடைசியில் எதற்கும் பிடிபடாமல் இருநூறோ முந்நூறோ மிஞ்சும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்காதே. முதல் எட்டு பைட்டை வைத்துக் குழுவாக்கி, எந்தக் குழுவில் எத்தனை என்று எண்ணு. ஒரே தொடக்கத்தோடு 150 ஃபைல் இருந்தால் அது ஏதோ ஒரு கருவியின் சொந்த வகை. மீன் தேடும் கருவி, ஜிபிஎஸ் பிளாட்டர், பழைய பில்லிங் மென்பொருள் என்று எதுவாகவும் இருக்கலாம். எட்டாவது இடத்தில் புள்ளியும் எஃப்ஐடியும் வந்தால் கார்மின் போன்ற கருவிகளின் ஃபிட் ஃபைல். அதுவும் இல்லையென்றால் ஃபைலுக்குள் படிக்கக்கூடிய எழுத்துத் தொடர்களை 'ஸ்ட்ரிங்ஸ்' கட்டளையால் உருவி, அதில் கம்பெனிப் பெயரோ பதிப்பு எண்ணோ இருக்கிறதா பார். அப்படியும் தெரியாவிட்டால் குழுவுக்கு ஒன்றாக முதல் 64 பைட்டைப் பதின்ம எண்ணில் டெக்ஸ்டாக எனக்கு அனுப்பு, திரையைப் போட்டோ பிடித்து அனுப்பாதே.

எந்தப் படகில் எந்தக் கருவி இருந்தது, எந்த வருடம் யார் கணக்கு எழுதினார்கள் என்பதை எந்த நூலகமும் சொல்லாது, சங்கத்துக் கணக்குப்பிள்ளைதான் சொல்வார். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவர் சாவகாசமாக உட்கார்ந்து பேசுவார். ஜூன் 14 தாண்டிவிட்டால் டோக்கன், டீசல், ஐஸ் என்று ஓட ஆரம்பித்துவிடுவார். அதற்குள் அந்த மிச்சக் குழுக்களின் பட்டியலோடு ஒரு மாலை அவர் திண்ணையில் போய் உட்கார்.